சித்தியின் 472 ரூபாயும் என் ‘ஓ’ கிரேடும்



முதலில் ஒரு மன்னிப்பு. போன ஜூன் மாதம், செமஸ்டர் லீவில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், “உங்களுக்கு ஒரு கிரெடிட் கார்டு ஆஃபர் இருக்கு சார்” என்று ஒரு கால் வந்திருக்கும். மெஸ் பில் கட்டவே வீட்டில் கெஞ்சிக்கொண்டிருக்கும் நமக்கு எதுக்குடா கிரெடிட் கார்டு, நம்ம நம்பரை இவங்களுக்கு யார் கொடுத்தது என்று யோசித்திருப்பீர்கள். கொடுத்தது நான்தான். நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து 20 நம்பர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்பதையும், அதைவிடப் பெரிய ஒரு தப்பையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆறாவது செமஸ்டர் முடியும்போது நம் எல்லோருக்கும் வருமே ஒரு காய்ச்சல், அது எனக்கும் வந்தது. லிங்க்ட்இன்னைத் திறந்தால் ஒவ்வொருத்தனும் கழுத்தில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு சிரிக்கிறான். நான் இருபது இடத்துக்கு மெயில் போட்டேன். பத்தொன்பது இடத்திலிருந்து பதிலே இல்லை. கடைசியில் எங்கள் ஊர் திருப்பூரிலேயே, ஒரு தனியார் வங்கிக் கிளையில் இடம் கிடைத்தது. ஆஃபர் லெட்டரில் ‘டிஜிட்டல் பேங்கிங் அண்ட் அனலிடிக்ஸ் இன்டர்ன்’ என்று போட்டிருந்தார்கள். ஆறு வாரம். ஸ்டைபண்ட் கிடையாது. பரவாயில்லை என்று தோன்றியது. அனலிடிக்ஸ் என்ற ஒரு வார்த்தையே எனக்குப் போதுமாக இருந்தது. போவதற்கு முந்தைய வாரம் உட்கார்ந்து பைத்தான், எஸ்.க்யூ.எல். எல்லாவற்றையும் தூசி தட்டினேன். அம்மா இரண்டு ஃபார்மல் சட்டை எடுத்துக் கொடுத்தார்.

திருப்பூரில் ஒரு வங்கிக் கிளை என்றால் சும்மா இல்லை. ஊரே பனியன் கம்பெனிகளை நம்பி இருக்கிறது. டாலரிலும் யூரோவிலும் ஆர்டர் வரும் ஊர் இது. அந்தப் பணம் எப்படி வருகிறது, எங்கே சிக்குகிறது, யாருக்குக் கடன் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கிறார்கள் என்று உள்ளே இருந்து பார்க்கலாம் என நினைத்தேன். கொஞ்சம் டேட்டா கிடைத்தால் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கும் ஆச்சு என்று ஒரு கணக்கும் மனசுக்குள் ஓடியது.

25 அக்கவுண்ட், ஒரு சர்டிஃபிகேட்

முதல் நாள் லேப்டாப் பையோடு போனேன். ஆறு வாரமும் அந்த லேப்டாப் பையிலேயே தூங்கியது. கிளையில் 40 நிமிடம் ஒரு அறிமுகம். கையில் ஒரு கட்டு விளம்பரத் துண்டுச்சீட்டு. அப்புறம் மேனேஜர் சார் சொன்னார்: “தம்பி, ஆறு வாரத்துல 25 சேவிங்ஸ் அக்கவுண்ட். முடிச்சா சர்டிஃபிகேட். அவ்வளவுதான், சிம்பிள்.”

அனலிடிக்ஸ் எப்போ சார் என்று கேட்டேன். “முதல்ல கஸ்டமரைப் புரிஞ்சுக்கணும் தம்பி” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எனக்குக் கம்ப்யூட்டரில் லாகின் தரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை ஆறு வாரத்தில் கிளம்பிப் போகும் ஒரு காலேஜ் பையனிடம் எந்த வங்கியும் திறந்து காட்டக் கூடாது. வங்கியில் ‘மேக்கர்–செக்கர்’ என்று ஒரு முறை உண்டு. ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும். அப்படி ஊழியர்களுக்கே கட்டுப்பாடு வைத்திருக்கும் இடத்தில் எனக்கு எதற்கு லாகின்? ஆனால் லாகின் இல்லாமலும் கற்றுக்கொடுக்க ஆயிரம் விஷயம் உண்டு. அதில் எதற்கும் அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

என் வேலை ஆளைப் பிடித்துக் கொடுப்பது. ஆதாரும் பானும் சரிபார்த்துப் பதிவு செய்ய ஊழியர் ஒருவர் டேப்லெட்டோடு வருவார். நான் போய்ப் பேசி, சம்மதிக்க வைத்து, ஆளைக் காட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று துண்டுச்சீட்டு கொடுத்தேன். ஒரு அக்கவுண்ட்கூட வரவில்லை. வெயில்தான் வந்தது. மூன்றாம் நாள் டேப்லெட் அண்ணன் ரகசியம் மாதிரி சொன்னார்: “எல்லா இன்டர்னும் சொந்தக்காரங்கள்ல இருந்துதான் தம்பி ஆரம்பிப்பாங்க.”

அப்பா, அம்மா, பெரியப்பா பையன், இரண்டு மாமா, பத்தாவதில் எனக்கு டியூஷன் எடுத்த சார், தெருமுனை டீக்கடை அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா என்று வரிசையாகப் போனேன். யாருக்கும் புதிதாக ஒரு அக்கவுண்ட் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே ஒன்று இருந்தது. “பையன் படிப்புக்காக” என்று கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் வாரத்துக்குள் 14 ஆகிவிட்டது. ஏதோ சாதித்த மாதிரிகூட இருந்தது.

ஐந்தாம் வாரம் 23-ல் வண்டி நின்றது. சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனார்கள். அப்போது ஒரு சலுகை அறிவித்தார்கள். கிரெடிட் கார்டுக்குப் பத்து ‘லீட்’ கொடுத்தால் ஒரு அக்கவுண்ட்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். லீட் என்றால் பேரும் போன் நம்பரும். ஆக, நண்பர்களே, உங்களில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்குச் சமம். 20 பேரை எழுதிக் கொடுத்தேன், 25 நிறைந்தது. 2023-லேயே தனிநபர் டேட்டா பாதுகாப்புக்குச் சட்டம் போட்ட நாடு இது. அதைப் பற்றி நானே கிளாசில் செமினார் எடுத்திருக்கிறேன். ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் தகவலைத் தரக்கூடாது என்று ஸ்லைடு போட்டவன்தான் அந்தத் தாளையும் எழுதினேன்.

இருபது நிமிடப் பாடம்

ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையா என்றால், இல்லை. ஒரு மாலை ஏற்றுமதிக் கடன் பிரிவு அதிகாரி ஒருவர் டீ குடிக்கும்போது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வருகிறது. பணம் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். ஆனால் நூல் வாங்கணும், சாயம் போடணும், தைக்கிறவர்களுக்குக் கூலி கொடுக்கணும். இந்த இடைவெளிக்கு வங்கி தரும் கடன்தான் ‘பேக்கிங் கிரெடிட்’. சரக்கு கப்பல் ஏறியதும் அதன் பில்லின் பேரில் அடுத்த கடன். வாங்கியவர் பணம் அனுப்பியதும் கணக்கு நேராகும். நடுவில் ரூபாய் மதிப்பு ஏறினாலோ, ஷிப்மென்ட் தள்ளிப்போனாலோ யார் கழுத்துக்குக் கத்தி வரும் என்பதையும் ஒரு பேப்பர் நாப்கினில் வரைந்து காட்டினார். இருபது வருஷம் அந்த ஊரில் வளர்ந்தும் எனக்குத் தெரியாத திருப்பூர் அது. ஆறு வாரத்தில் நான் படித்த பாடம் அந்த இருபது நிமிடம்தான்.

நானாகவும் ஒன்று செய்து பார்த்தேன். ஒரு வாரம் கிளையின் ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்தேன். பாஸ்புக் என்ட்ரி போடவும், பணம் ஏறிவிட்டதா என்று கேட்கவும்தான் பாதிப் பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு தனி வரிசை வைத்தால் மற்ற கவுண்ட்டரில் நெரிசல் குறையும் என்று இரண்டு பக்கம் எழுதி மேனேஜரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கு தம்பி. இன்னிக்கு எத்தனை அக்கவுண்ட்?”

அவரை வில்லன் ஆக்க எனக்கு விருப்பமில்லை. மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து வரும் கான்ஃபரன்ஸ் காலில் அவர் குரல் எப்படிக் குறுகிப்போகும் என்று கேட்டிருக்கிறேன். அவர் மேல் இருந்த பாரத்தில் ஒரு துண்டு என் தோளுக்கு வந்தது. நான் அதை என் சொந்தக்காரர்கள் தோளுக்கு மாற்றினேன். அதில் ஒருவர் சித்தி.

சித்தியின் கணக்கு

சித்தி வீட்டிலேயே மெஷின் போட்டு, கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் துணியைப் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். மே 20-ஆம் தேதி என்னை நம்பி 10,000 ரூபாய் போட்டு அக்கவுண்ட் தொடங்கினார். அந்த அக்கவுண்ட்டுக்கு மாதச் சராசரி இருப்பு 10,000 இருக்க வேண்டும். “பத்தாயிரம் வச்சிருக்கணும் சித்தி” என்று நானும் சொன்னேன். ஆனால் ‘சராசரி’ என்றால் என்ன என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அப்போது தெரியாது. மூன்று கணிதப் பேப்பர் பாஸ் பண்ணியவன், பிரவுச்சரின் பொடி எழுத்தைப் படிக்கவில்லை.

ஜூன் 5-ஆம் தேதி தம்பியின் ஸ்கூல் ஃபீஸுக்காகச் சித்தி 8,000 எடுத்தார். ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பதுதான் மாதச் சராசரி. முதல் 4 நாள் 10,000, மீதி 26 நாள் 2,000. கூட்டினால் 92,000. 30-ஆல் வகுத்தால் சுமார் 3,067. பத்தாயிரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஆகஸ்ட்டில் நான் ஹாஸ்டலில் இருந்தபோது சித்தியிடமிருந்து போன். “கண்ணு, பேங்க்ல 472 ரூவா புடிச்சுட்டாங்களாட்ட இருக்குது. நான் ஒண்ணுமே வாங்கலியே சாமி, எதுக்குன்னு பாரேன்.” அபராதம் 400, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 72. சித்திக்கு அது ஒரு நாள் தையல் கூலி.

வங்கி விதி எதையும் மீறவில்லை என்பதுதான் இதில் எனக்கு அதிகம் உறைத்த விஷயம். இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2015 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஜூலையில் சித்திக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. இங்கிலீஷில். சித்தி அதை ரீசார்ஜ் விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத ‘அடிப்படை சேமிப்புக் கணக்கு’ என்று ஒன்று உண்டு. எல்லா வங்கிகளும் அதைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஏ.டி.எம். கார்டும் அதில் உண்டு. மாதம் நான்கு முறை வரை கட்டணம் இல்லாமல் பணம் எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள சேமிப்புக் கணக்கையும், எழுதிக் கேட்டால், அப்படி மாற்றிக்கொள்ளலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது. சித்திக்குத் தேவைப்பட்டது இதுதான். எனக்குக் கிடைத்த 40 நிமிட அறிமுகத்தில் இது இல்லை. இதைத் திறந்து கொடுத்தால் 25-ல் சேராதோ என்னவோ.

ஆனால் கிரேடு ஓ

சித்தி போன் பண்ணிய அதே வாரம்தான் நம்ம டிபார்ட்மென்ட்டில் இன்டர்ன்ஷிப் வைவா. சீனியர் ஒருவரின் ரிப்போர்ட்டை வாங்கி, வங்கிப் பேரை மாற்றி, 30 பக்கம் பைண்டிங் போட்டேன். தலைப்பு: ‘டிஜிட்டல் வங்கியில் வாடிக்கையாளர் சேர்க்கை’. வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சர்டிஃபிகேட்ல சீல் இருக்கா?” இரண்டாவது, “எத்தனை நாள் போன?” மூன்றாவது கேள்வி வரவில்லை. ரிசல்ட்டில் ‘ஓ’ கிரேடு.

இதுதான் நான் சொல்ல வந்தது. என்னை ஏமாற்றியது வங்கி மட்டும் இல்லை. கல்லூரிக்கு கிரெடிட் வேணும், வங்கிக்கு அக்கவுண்ட் வேணும், எனக்கு ரெஸ்யூமேயில் ஒரு வரி வேணும். மூன்று பேருக்கும் வேண்டியது கிடைத்தது. அதற்கான விலையை மட்டும் இந்த மூன்று பேரில் யாரும் கொடுக்கவில்லை. கொடுத்தது சித்தி. ‘வேஸ்ட் இன்டர்ன்ஷிப், டைம் போச்சு’ என்று நாம் ஹாஸ்டலில் புலம்புவோம். போனது நம்ம டைம் மட்டும் என்றால் பரவாயில்லை. நம்மை நம்பின யாருக்காவது அதில் நஷ்டம் வந்ததா என்று நாம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

“சேல்ஸ் கேவலமான வேலையா?” என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயமா இல்லை. தெரியாத ஆளிடம் போய்ப் பேசும் தைரியம் எனக்கு அங்கேதான் வந்தது. ஆனால் சேல்ஸ் வேலைக்கு ஒருவரை எடுத்தால் சம்பளம் தருவார்கள், இன்சென்டிவ் தருவார்கள், எதை விற்கிறோம் என்று ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள். காப்பீடு விற்க வேண்டுமென்றால் பரீட்சை எழுதித் தகுதி வாங்கியே ஆகணும். எனக்கு இது எதுவும் இல்லை, டார்கெட் மட்டும் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பதிவான அப்ரண்டிஸ் என்றால் உதவித்தொகை கட்டாயம். மத்திய அரசு 2024-ல் ஒரு இன்டர்ன்ஷிப் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதில் மாதம் 5,000 ரூபாய் இருந்தது, ஆனால் அப்போது அது முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை. நம்மைப் போல மெயில் போட்டு இடம் பிடிக்கிற இன்டர்னுக்கு நாமே கேட்டால்தான் உண்டு.

அதனால் இந்த வருஷம் போகிற ஜூனியர்களே, ஆஃபர் லெட்டரைப் பார்த்ததும் ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் இதையெல்லாம் கேளுங்கள். தினமும் நான் என்ன வேலை செய்வேன்? எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் யார், அவர் பேர் என்ன? டார்கெட் உண்டா? டார்கெட் முடிக்காவிட்டால் சர்டிஃபிகேட் தருவீர்களா, மாட்டீர்களா? முடிக்கும்போது என் கையில் காட்ட என்ன இருக்கும்? போன வருஷம் அங்கே போன ஒரு மாணவரின் நம்பரையும் கேளுங்கள், அவர் சம்மதத்தோடு! இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படும் இடத்துக்கு நீங்கள் போகாமல் இருப்பதே நல்லது. இன்டர்ன்ஷிப் கிடைக்காமல் போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

போன பிறகு எதையாவது விற்கச் சொன்னால், அதன் விதிமுறைகளை முழுசாகப் படித்துவிட்டு, ‘இதை நான் எங்க அம்மாவுக்கு வாங்கித் தருவேனா?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் என் அம்மாவுக்கே அதைத் திறந்து கொடுத்தேன் என்பது வேற கதை. படிக்காமல் கொடுத்தேன்.

நம்ம பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைவாவில் சீலைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில், “அங்க நீ என்னப்பா செஞ்ச?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையைச் சொன்னால் கிரேடு குறையாது என்ற நம்பிக்கையையும் கொடுங்கள். ஒவ்வொரு பேட்சும் போன இடத்தைப் பற்றி ஒரு பக்கம், நல்லதோ கெட்டதோ, உள்ளபடி எழுதி டிபார்ட்மென்ட் லைப்ரரியில் வைத்தால் போதும். அடுத்த பேட்ச் விசாரித்துவிட்டுப் போகும்.

சித்தி விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய், அவர் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லித் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். சித்தி கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் போய்க் கிளையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் சீல் வைத்து வாங்கினோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம் என்பதையும் தெரிந்து வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு மற்ற 22 பேருக்கும் போன் பண்ணி, சராசரி இருப்பு என்றால் என்ன என்று விளக்கினேன். ஒன்பது பேர் கணக்கை மாற்றிக்கொண்டார்கள். டியூஷன் சார் மட்டும், “இதை மே மாசமே சொல்லியிருக்கலாமேடா” என்றார்.

472 ரூபாயை நான் கொடுத்தபோது சித்தி வாங்கவில்லை. “படிக்கிற பையன் கிட்ட காசு வாங்குவாங்களா” என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடிதத்தின் சீல் வைத்த நகல் என்னிடம் இருக்கிறது. என் ஆறு வார சர்டிஃபிகேட்டிலும் அதே கிளையின் சீல்தான். ரெஸ்யூமே ஃபைலில் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறேன்.